பாண் போறணையில் கோழி நெஞ்சு

அந்தச் சூடு பார்க்கிற கம்பியைக் கொஞ்சம் கீழே வையுங்கள், பிள்ளைகளே. நான் சொல்லி முடிக்கும்வரை அடுப்பு எங்கேயும் ஓடிப்போகாது.

கம்பி கூடாதென்று சொல்ல வரவில்லை. நல்ல சாமான் அது. இறைச்சிக்குள் குத்தினால் உள்ளே எவ்வளவு சூடு என்று இலக்கத்தில் காட்டிவிடுகிறது. என் காலத்தில் அப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் நான் பாதிப் பேரோடு சண்டை பிடித்திருக்க மாட்டேன். ஆனால் போன கிழமை நீங்கள் ஆடிய கூத்தை அந்த மூலைக் கதிரையில் இருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மனிதர் நம் சமையல்கூடத்துக்கு வந்து, தாயின் பிறந்தநாளுக்கு மீனை வெட்டாமல் முழுசாகப் பொரித்துத் தர முடியுமா என்று கேட்டார். உங்களில் ஒருவர், "அது சரிவராது ஐயா, இப்ப ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார். யாரென்று சொல்ல மாட்டேன். இப்போது நிலத்தைப் பார்க்கிறவர்தான்.

அந்த மனிதர் ஏன் அப்படிக் கேட்டார் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? இல்லை. அதற்காகத்தான் இந்தக் கதை.

நான் கலியாண வீடுகளில் சோற்றுக் கிடாரம் ஏற்றி இறக்கியே வயது போனவள். வவுனியாவில் என் கைச்சோறு சாப்பிடாத பந்தல் குறைவு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். என் மனிசன் அதை மாற்றப் பார்த்துக் களைத்து, கடைசியில் சமையல் நாட்களில் வீட்டுப் பக்கம் வராமல் இருக்கப் பழகிக்கொண்டார். நல்ல மனிசன்.

தொண்ணூறுகளின் கடைசி. மாரிமுத்து என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். குடும்பத்தோடு மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, பூவரசங்குளத்தில் காடு வெட்டிக் காணி திருத்திக் குடியிருந்தவர். காலையில் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, பகலில் நெளுக்குளத்தில் ஒரு கோழிப் பண்ணையில் வேலை செய்தார். கதிரையைக் காட்டினாலும் இருக்க மாட்டார். வாசலில் நின்றபடிதான் கதைப்பார்.

"அக்கா, மகளுக்குக் கலியாண எழுத்து வச்சிருக்குங்க. நீங்கதான் வந்து சமைச்சுத் தரணும்."

"எத்தினை பேர் வருவினம்?"

"ரெண்டு பக்கமும் சேர்த்து எரநூறு பேரு வருவாங்க."

"கோழிக்கறியோ, ஆட்டிறைச்சிக் கறியோ?"

"கறி வேணாங்க. கோழி நெஞ்சு. ஆளுக்கு ஒரு முழுத் துண்டு. வெட்டாம, உடைக்காம, சுட்டுத் தரணும்."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். கொழும்பு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்த யாரோ இந்த மனிதரின் தலையில் எதையோ ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப கோழியில மிச்சத்தை என்ன செய்யப் போறியள்?"

"காலையெல்லாம் டவுனுல கொத்துரொட்டிக் கடைக்காரங்க கேட்டிருக்காங்க. கழுத்து, முதுகெல்லாம் வீட்டுல கறி வச்சு, நாங்களே சாப்பிட்டுக்குவோம். ஆனா பந்திக்கு நெஞ்சுதாங்க."

கோழிகளை அவரே வளர்த்திருந்தார். பண்ணையில் குஞ்சு வாங்கி, வளவுக்குள் கொட்டில் போட்டு, மகளின் எழுத்துக்கென்றே பார்த்துப் பார்த்துத் தீன் போட்டு வளர்த்த கோழிகள். போகும்போது படலையடியில் திரும்பி நின்று, "முழுத் துண்டு, அக்கா" என்று இன்னொரு தரம் சொன்னார். சரி சரி என்று தலையாட்டி அனுப்பினேன். அவர் கேட்கிறார், நான் செய்கிறேன், அவ்வளவுதான் அப்போது என் நினைப்பு.

மாப்பிள்ளை முல்லைத்தீவுக் கரையோரத்துப் பொடியன். கடற்றொழில் குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர். இடம்பெயர்ந்து வந்து வவுனியா டவுனில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பெட்டை சைவம், பொடியன் வேதம் என்பதால் இரண்டு வீட்டாரும் கூடிக் கதைத்து, முதலில் எழுத்தை, அதுதான் கலியாணப் பதிவை, மட்டும் வைத்துவிடுவோம், தாலி பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். எழுத்துத்தானே, மச்சம் மாமிசம் சமைக்கலாம்.

மாப்பிள்ளையின் தாய் திரேசம்மா பெரிய உடம்பு, பெரிய குரல். கடற்கரையில் ஆளை ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பெண் பார்க்க வந்த அன்று அவா பெண்ணைப் பார்க்க முதல் நேரே குசினிக்குள் போய், பானைகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்திருக்கிறா. ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். மாரிமுத்துவும் மனைவியும் அதை நினைத்து நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார்கள். மலைத் தோட்டத்துச் சனத்தின் சமையல் அவாவுக்கு அருவருப்பாக இருந்திருக்கும் என்று இவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். ஆனால் இறைச்சியை ஐஸில் வைக்கச் சூடு புகாத வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டிகளைத் தந்ததும் அதே திரேசம்மாதான். தேசிக்காய் போட்டுக் கழுவித்தான் தந்தா. இருந்தாலும் என் மனிசனை ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு மணந்து பார்க்கச் சொன்னேன். பயமில்லை என்றார்.

இருநூறு துண்டையும் எங்கே சுடுவது? இப்போது நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். எனக்கு நெளுக்குளத்தில் ஒரு பேக்கரியின் போறணைதான் கண்ணுக்குத் தெரிந்தது. போறணை என்பது செங்கல்லால் கட்டிய ஒரு குகை மாதிரி. உள்ளே விறகை எரித்துக் கல்லைச் சூடாக்குவார்கள். தணலை வெளியே இழுத்துவிட்டு, கல்லில் தேங்கி நிற்கிற சூட்டில் மாவைப் பாணாக வேகவைப்பார்கள். அங்கே தலைமை வேலைக்காரரை எல்லோரும் பாஸ் அண்ணை என்றே கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர். அவருடைய பாணை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

"துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடைவெளி விடோணும். போறணை நல்ல சூடா இருக்கேக்க உள்ளுக்குத் தள்ளோணும்" என்று முதல் நாளே சொன்னேன்.

"அக்கா, இந்தப் போறணை ஊருக்கே பாண் போடுது. உங்கட கோழி நெஞ்சு வேகாதோ?" என்று சிரித்தார்.

எழுத்தன்று விடியவே மாரிமுத்து மசாலை தடவிய இறைச்சிப் பெட்டிகளை லாண்ட்மாஸ்டரில், அதுதான் அந்த இரண்டு சக்கர உழவு மெசினில் பெட்டி பூட்டி, பேக்கரிக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். நான் சோற்றுக்கும் மரக்கறிக்கும் ஆட்களை ஒழுங்கு பண்ணிவிட்டுப் பின்னால் பஸ்ஸில் போனேன். நடுவழியில் ஆமிக்காரரின் சோதனைச் சென்றி. அன்றைக்கென்று பார்த்து எல்லோரையும் இறக்கி, வரிசையில் விட்டு, அடையாள அட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேக்கரிக்குப் போய்ச் சேரும்போது போறணையின் கதவு மூடியிருந்தது.

"எல்லாம் உள்ளுக்கை போட்டாச்சு அக்கா. நீங்கள் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் பாஸ் அண்ணை.

"இடைவெளி விட்டனீங்களோ?"

"எனக்கோ சொல்லித் தாறியள்?"

கேட்டதற்குச் சரியான பதில் அல்ல அது. ஆனால் வேகிற நேரத்தில் போறணைக் கதவைத் திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

கதவைத் திறந்தபோது பொன்னிறமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தட்டு முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று கோழி நெஞ்சுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, கோயில் திருவிழாச் சனம் மாதிரி.

பாண் வெந்ததோ என்று பார்க்க அடியில் விரலால் தட்டுவார்கள் தெரியுமா? உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டால் வெந்துவிட்டது. பாஸ் அண்ணை அந்தப் பழக்கத்தில் ஒரு கோழி நெஞ்சைத் தூக்கித் தட்டிப் பார்த்தார். கோழி என்ன சத்தம் போடும்? எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கத்தியை எடுத்துத் தடித்த இடத்தில் ஒன்றை வெட்டினேன். உள்ளே ரோசாப்பூ நிறம். பச்சை.

"என்னண்டு அடுக்கினனீங்கள்?"

"பாண் அடுக்கிற மாதிரித்தான். மா உருண்டை ஒண்டோடை ஒண்டு முட்டி நிண்டாத்தானே நேரா எழும்பும்..." சொல்லிக்கொண்டு வந்தவருக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

பாண் எழும்பும், பிள்ளைகளே. கோழி அழும். சூடு பட்டதும் தண்ணீர் விடும். இடைவெளி இருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும், துண்டு முறுகும். நெருக்கி அடுக்கினால் தன் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அவியும். போதாததற்கு, மெல்லிய இறைச்சி பாண் சூட்டில் கருகிப்போகும் என்று பயந்து, பாணைவிடச் சின்னப் பணிஸ் போடுகிற அளவுக்குப் போறணையை ஆறவிட்டிருந்தார். இறைச்சியோ ஐஸிலிருந்து நேரே வந்தது. இருந்த கொஞ்சச் சூட்டையும் அது குடித்துவிட்டது. பாணுக்கு அந்த மனிதர் செய்தது அத்தனையும் சரி. கோழிக்கு அத்தனையும் பிழை.

நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கப் போன நேரம் பார்த்து, வாசலில் லாண்ட்மாஸ்டர் சத்தம். மாரிமுத்து. வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட புதுச் சேட்டு, நெற்றியில் திருநீறு. பந்தலுக்குச் சனம் வரத் தொடங்கிவிட்டது, எழுத்துக்காரரும் வந்துவிட்டார், சாப்பாட்டைக் கொண்டுபோக வந்திருக்கிறார்.

தட்டைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"கறி வைப்பம் அக்கா" என்றார் பாஸ் அண்ணை அவசரமாக. "சின்னனா வெட்டிப் போட்டா கெதியா வெந்திடும். நேரத்துக்குப் பந்தி வைக்கலாம். ஒருத்தரும் குறை சொல்லாயினம்."

அந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் என்றாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் சென்றி மூட முதல் டவுனுக்குத் திரும்ப வேண்டும். சாப்பாடு பிந்தினால் சாப்பிடாமல் எழும்பிப் போக வேண்டியதுதான். எழுத்து வீட்டில் சம்பந்தி பசியோடு எழும்பிப் போனால் அந்தப் பேச்சு எத்தனை வருசத்துக்கு ஓடும்? நானும் கத்தியை எடுத்து முதல் துண்டைப் பலகையில் வைத்துவிட்டேன்.

மாரிமுத்து அந்தத் துண்டின் மேல் கையை வைத்தார். கத்திக்குக் கீழே.

"வெட்டாதீங்க அக்கா."

"ஐயோ, கையை எடுங்கோ! விசரே உங்களுக்கு?"

கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்தத் துண்டைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப நாங்க இந்தப் பக்கம் வந்து கொஞ்ச வருசந்தாங்க. ஒரு பெரிய வீட்டுக் கலியாணத்துக்கு விறகு கொத்தப் போனேன். பந்தல் போட்டதுலேர்ந்து அங்கதான் கெடந்தேன். சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில உக்கார வச்சாங்க. மக என் மடியில. பேசப் பழகுற வயசு. கறிச் சட்டி எங்ககிட்ட வர்றப்ப கழுத்துதான் கெடந்துச்சு. எங்க ஆளுங்க எல்லாருக்கும் கழுத்து. புள்ள அடுத்த எலையப் பாத்துட்டு சத்தமா கேட்டுட்டா. அப்பா, நமக்கு மட்டும் ஏன் கழுத்துன்னு. பந்தியே சிரிச்சுச்சுங்க."

பாஸ் அண்ணை கையிலிருந்த, தட்டுத் தள்ளுகிற துடுப்பைச் சுவரில் சாத்தினார்.

"கறின்னா, அகப்பை பிடிக்கிறவன் மொகத்தைப் பாத்துத்தான் போடுவான் அக்கா. நெஞ்சுத் துண்டுன்னா அப்படி முடியாது. சம்பந்தியம்மாவுக்கும் ஒண்ணு, எனக்கு விறகு கொத்தி வந்தவனுக்கும் அதே ஒண்ணு. என் மக கலியாணத்துல அந்தக் கேள்விய இன்னொரு புள்ள கேக்கக் கூடாதுங்க."

  ஹோட்டல் ஆசை என்று நினைத்திருந்தேனே! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழிபோடக்கூட அங்கே ஒரு வெங்காயம் இல்லை.

கத்தியைக் கீழே வைத்தேன். இனிக் கவனமாகக் கேளுங்கள், தொழில் இங்கேதான் இருக்கிறது. முன்னால் இருந்த கேள்வி, எப்படி நேரத்துக்குப் பந்தி வைப்பது என்பது. இப்போது கேள்வி மாறிவிட்டது. துண்டை உடைக்காமல் எப்படி வேகவைப்பது, அதற்கு எவ்வளவு நேரம் சனத்தைப் பிடித்து வைத்திருப்பது. கேள்வி மாறினால் கணக்கும் மாறும்.

அரை வேக்காட்டுக் கோழியை அப்படியே வைத்துக்கொண்டு போறணை சூடேறும்வரை காத்திருக்க முடியாது. எங்கள் ஊர் வெக்கை தெரியும்தானே. அது சும்மா கிடக்கிற ஒவ்வொரு நிமிசமும் விருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் நகரும். ஆகவே அந்த இறைச்சி ஒரு நொடிகூட நிலத்தில் இருக்கக் கூடாது. அடுத்த சூட்டுக்குள் போக வேண்டும்.

"மாரிமுத்து அண்ணை, சாப்பாடு பிந்தும். சரியாப் பிந்தும். சம்மதமோ?"

"பிந்தட்டுங்க."

"சம்பந்தியம்மா கத்துவா."

"கத்தட்டுங்க. முழுசா குடுத்துட்டுத் திட்டு வாங்கிக்கிறேன்."

பாஸ் அண்ணை உள்ளே போய், அன்று காலை போட்ட பணிஸ் முழுவதையும் சாக்கில் கொட்டிக் கொண்டுவந்து லாண்ட்மாஸ்டரில் ஏற்றினார். "கடைக்குக் குடுக்க வச்சிருந்தது. கொண்டுபோய்ச் சனத்துக்குத் தேத்தண்ணியோட குடுங்கோ அண்ணை. என்ர பிழை, என்ர பணிஸ்." அந்த மனிதரை நான் திட்ட வைத்திருந்த திட்டெல்லாம் அதோடு போயிற்று.

மாரிமுத்துவிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். ஒளிக்க வேண்டாம், சுற்றி வளைக்க வேண்டாம். நேரே போய்ச் சம்பந்தியம்மாவிடம், சாப்பாடு பிந்துகிறது, அதுவரைக்கும் இது என்று பணிஸைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கோ. வெறுங்கையோடு தாமதத்தைச் சொல்லப் போகாதீர்கள், பிள்ளைகளே. பசித்த மனிதனுக்குக் காரணம் கேட்காது, பணிஸ் கேட்கும்.

பேக்கரி முற்றத்தில் இரண்டு கிடாரம் ஏற்றினோம். உப்பு, இடித்த இஞ்சி, உள்ளி, மிளகு. நெஞ்சுத் துண்டுகளை முழுசாகவே மெல்ல இறக்கினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் துண்டு உடையும். சிரிக்கிற மாதிரிக் கொதித்தால் போதும். அடுப்புக்கு விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக என் ஒரு கண் நெருப்பில், மற்றக் கண் கிடாரத்தில். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஆகத் தடித்த துண்டைப் பிடித்து வெட்டிப் பார்த்தேன். உள்ளே முழு வெள்ளையாகும்வரை ஒன்றையும் வெளியே விடவில்லை. வெட்டிப் பார்த்தவற்றைப் புறம்பாக ஒரு சட்டியில் போட்டேன். அது எங்களுக்கு. பந்திக்கு முழுத் துண்டு மட்டும்தான்.

அதே நேரம் பாஸ் அண்ணை போறணைக்குள் சிரட்டையும் காய்ந்த பாலை விறகும் அடைத்து எரித்தார். நெருப்பு உறுமியது. தணலை இழுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, ஒரு பிடி மாவை உள்ளே எறிந்தார். மா கண்மூடித் திறக்கக் கறுத்துவிட்டது. பாணுக்கு என்றால் அது ஆகாத சூடு. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுதான் வேணும்" என்றேன். "உள்ளுக்கு வெந்திட்டுது. இனி நிறம் மட்டும்தான். நிறம் உங்கட வேலை. நான் வாய் திறக்கன்."

வேகவைத்த துண்டுகளைத் துடைத்து, மிளகாய்த்தூளும் தேசிப்புளியும் மாஜரினும் குழைத்துத் தடவி, இரண்டு விரல் இடைவெளியில் தட்டில் அடுக்கினோம். அவர் கதவடியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். நிறம் பார்க்கிற விசயத்தில் அந்த மனிதரை வெல்ல ஆளில்லை. "இப்ப" என்று ஒரு சொல். தட்டு வெளியே. "இப்ப." அடுத்த தட்டு. ஒன்றுகூடக் கருகவில்லை, ஒன்றுகூட வெளிறவில்லை. பொன்னிறத்துக்கு மேல் கொஞ்சம் சிவப்பு, ஓரங்களில் முறுகல். அந்த மணம் நெளுக்குளம் முழுக்கப் போயிருக்கும்.

சுட்ட துண்டுகளைக் கிடாரங்களில் அடுக்கி மூடிக் கட்டி, திரும்பி வந்த லாண்ட்மாஸ்டரில் ஏற்றி, நானும் ஏறி இருந்து போனோம். சென்றியில் ஒரு ஆமிக்காரப் பொடியன், சாக்குகளுக்குள் குத்திப் பார்க்கிற இரும்புக் கம்பியோடு கிடாரத்துக்குக் கிட்ட வந்தான். நான் போட்ட சத்தத்தில் அவன் ஒரு அடி பின்னால் போனான். மூடியைத் திறந்து காட்டினேன். மணம் முகத்தில் அடிக்க, அப்படியே நின்றுவிட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கலியாணம் என்றேன். வெட்டிப் பார்த்த சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவனுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள்தானே. கையைக் காட்டி விட்டுவிட்டான்.

பந்தல் பொறுமையோடு இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணிஸ் வேலை செய்திருந்தது. வாழையிலை போட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய், அதன்மேல் ஆளுக்கு ஒரு முழு நெஞ்சு. மாரிமுத்து தானே கையால் வைத்துக்கொண்டு போனார். எழுத்துக்காரருக்கு ஒன்று. திரேசம்மாவுக்கு ஒன்று. விறகு கொத்தியவர்களை இந்த முதல் பந்தியிலேயே மாப்பிள்ளையின் மாமன்மாருக்குப் பக்கத்தில் இருத்தி, அவர்களுக்கும் ஒவ்வொன்று. அகப்பையே இல்லை. யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவை இல்லை. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். என் தொழிலில் எத்தனையோ பந்தி வைத்திருக்கிறேன், அப்படி மனம் நிறைந்து பார்த்த பந்தி வேறொன்று இல்லை.

இதில் உங்களுக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். போறணைக்காரரை அவர் பிழைவிட்ட இடத்தில் விட்டுவிடாமல், அவர் கெட்டிக்காரராக இருக்கிற இடத்தில் நிறுத்தினேன், அதனால் தப்பினோம். அதை எடுங்கள். அரை வேக்காட்டோடு விளையாடவில்லை, அதையும் எடுங்கள். ஆனால் கதை இன்னும் முடியவில்லை. மிச்சத்தில் பாடம் ஒன்றும் இல்லை, சும்மா கேளுங்கள்.

திரேசம்மா சாப்பிட்டு முடித்தா. இலையில் ஒரு நார்கூட மிச்சமில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாரிமுத்துவின் முகத்தில் பழைய பயம் திரும்பி வந்தது. கை கழுவினா. பிறகு நேரே வீட்டுக்குப் பின்னால் குசினிப் பக்கம் நடந்தா. மாரிமுத்து ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

குசினியில் மாரிமுத்துவின் மனைவி வீட்டு ஆட்களுக்கென்று வைத்த சட்டியைக் கிளறிக்கொண்டு இருந்தா. திரேசம்மாவைக் கண்டதும் படக்கென்று மூடியைப் போட்டு, சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டா.

"உதுக்குள்ள என்ன?" அந்தக் குரலுக்குக் குசினித் தகரம் அதிர்ந்தது.

"ஒண்ணுமில்லீங்க சம்பந்தியம்மா... எங்களுக்குத்தான்... கழுத்தும் முதுகும்..."

"கழுத்தோ! பொம்பிளை பாக்க வந்த நாளையில இருந்து இந்தக் குசினி மணத்தை நினைச்சுக்கொண்டு திரியிறன். அண்டைக்கு ஒரு வாய் தருவியள் எண்டு பாத்தன், தரேல்லை. வெக்கத்தில கேக்காமப் போனனான்." மூடியைத் தானே திறந்தா. "நெஞ்சு நல்லாத்தான் இருந்தது, பிழை சொல்லன். ஆனா மீனெண்டா தலை, கோழியெண்டா கழுத்து. எங்கட வீட்டில மீன் தலையை வீட்டுக்காரர் தவிர ஒருத்தரும் தொடேலாது. இஞ்ச என்னெண்டா நல்லதை எல்லாம் ஒளிச்சு வச்சுக்கொண்டு நிக்கிறியள்! ஒரு கோப்பை தாங்கோ."

பலகையை இழுத்துப் போட்டு, பட்டுச் சேலையோடு அடுப்படியில் குந்திவிட்டா. ஒரு கழுத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினா. பிறகு கண்ணைத் திறந்து மாரிமுத்துவைப் பார்த்தா.

"சம்பந்தி, நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

அவர் எல்லோருக்கும் வைத்துவிட்டுத் தனக்கு வைக்க மறந்துபோயிருந்தார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பின்ன ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்? இருங்கோ இதிலை."

வாசலிலேயே நின்று பழகிய மனிதர் அவர். இருந்தார். இருவரும் ஒரே சட்டியிலிருந்து கழுத்துக் கறி சாப்பிட்டார்கள். மணம் போன பக்கமெல்லாம் இருந்து மாப்பிள்ளையின் மாமன்மாரும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது கல்யாணப் பெண் ரஞ்சனி, எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று தேடிக்கொண்டு, கூறைநிறச் சேலையோடும் பூமாலையோடும் குசினி வாசலுக்கு வந்தாள். மாமியார் அடுப்படியில் குந்தியிருந்து எலும்பு உறிஞ்சுவதைப் பார்த்தாள். தகப்பன் பக்கத்தில் இருந்து சாப்பிடுவதைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"அப்பா," என்றாள், "எனக்கு மட்டும் ஏன் நெஞ்சு?"

மாரிமுத்து சிரித்தார். அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, திரேசம்மா அவருடைய தலையில் தட்ட வேண்டி வந்தது. கண்ணில் வந்த தண்ணீரைக் கறிக்கையால் துடைத்து, அந்த எரிவில் இன்னும் சிரித்தார். தன் கோப்பையில் கடைசியாகக் கிடந்த கழுத்தை எடுத்து மகளின் வாயில் ஊட்டிவிட்டார்.

சரி, கம்பியை எடுங்கள், கோழி காத்திருக்கிறது. அதற்கு முதல், போன கிழமை நாங்கள் திருப்பி அனுப்பிய அந்த மனிதரின் இலக்கம் யாருடைய போனில் இருக்கிறது? எடுத்து அவரோடு கதையுங்கள். மீனைப் பற்றிப் பிறகு கதைக்கலாம், முதலில் அவருடைய தாயைப் பற்றிக் கேளுங்கள்.